விதைநெல்லை விழுங்கிய போர்

எத்துணைப் பசித்தாலும் உழவன் விதைநெல்லில் கைவைக்க மாட்டான். கைவைத்த அன்றே அவன் உழவன் என்னும் பெயரை இழந்து கூலியாளாகி விடுகின்றான் என்பதை நம் ஊர்ப்புறத்தார் யாரும் கற்பிக்காமலே அறிவர். மழை பொய்த்த ஆண்டில் ஒரு குடும்பம் அரைவயிறு உண்ணும். அண்டாவை அடகு வைக்கும். அடுத்த பருவத்தில் மீண்டு எழும். போர் தரும் வறுமை அத்தகையதன்று. அது களஞ்சியத்தைக் கடந்து சென்று விதைக்குதிரையே திறக்கின்றது. நிலத்தை அடைக்கின்றது, கடலை அடைக்கின்றது, கழுத்துப் பொன்னைக் கழற்றுகின்றது, உழைக்கும் ஆண்மகனை எடுத்துக் கொள்கின்றது. பின்னர்ப் போர் ஓய்ந்தது என்று முரசறைந்துவிட்டு, வெறுங்கையோடு நிற்கும் அக் குடும்பத்தின் கையில் ஒரு கடன்சீட்டைத் திணிக்கின்றது.

ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரையும் அதன்பின் கழிந்த ஆண்டுகளையும் இந்தக் கண்கொண்டு நோக்க விரும்புகின்றோம். மாண்டோர் தொகையைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. இனியும் பேசத்தான் வேண்டும். இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என ஒன்றிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு 2011-இல் கூறியது. கணக்கில் வராதோர் 70,000-ஐயும் கடக்கலாம் என அதே அவையின் உள்ளாய்வுக் குழு 2012-இல் கூறியது. ஆனால் எஞ்சியவர் எதைக் கொண்டு அடுப்பெரிக்கின்றனர் என்னும் கேள்வி நம்மிடையே அரிதாகவே எழுகின்றது. நினைவேந்தல் நாளில் ஏற்றும் சுடரின் ஒளி அவர்தம் அடுக்களை வரை செல்வதில்லை.

அவ் வறுமை ஒரு நாளில் வந்ததன்று. 1990-இல் இரண்டாம் ஈழப்போர் மூண்டவுடன் கொழும்பு அரசு வடக்கின்மீது பொருள்தடையை விதித்தது. கன்னெய், உரம், பைஞ்சுதை, மின்கலம், வழலை என்று அப் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. பழப்பாகுப் புட்டியில் சிறிது எண்ணெய் விட்டுத் திரியிட்டு அந்த ஒளியிலே யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்தனர். மிதிவண்டியின் மின்னாக்கியைச் சுழற்றி வானொலி கேட்டனர். இவற்றை நம்மவர் தமிழனின் அறிவுத்திறம் என்று வியந்து எழுதினர். வியப்பிற்குரியதே. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். உரமும் நீரிறைக்க எண்ணெயும் இல்லாதபோது வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிரிட்டவன் என் செய்வான்? விளைந்ததைத்தான் எவ்வழியே விற்பான்? ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டிருந்த காலத்தில் கிளாலிக் கடனீரேரியைக் கடற்படையின் சூட்டுக்கு அஞ்சி இருளில் படகேறிக் கடந்தனர் மக்கள். உயிரைப் பணயம் வைத்துக் கடக்கும் வழியில் ஒரு மூட்டை வெங்காயத்திற்கு என்ன விலை கட்டுபடியாகும்?

தென்னிலங்கை மக்கள் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றது 2022-இல். அதைக் கண்டு உலகமே இரங்கியது. அவ் வரிசையின் தொடக்கம் வடக்கில் முப்பதாண்டுகளுக்கு முன்பே அமைந்துவிட்டது என்பதை அன்று இரங்கியோருள் எத்துணைப் பேர் அறிந்திருந்தனர்?

பொருள்தடையில் கரைந்தது போக எஞ்சியிருந்ததை இடப்பெயர்வு கொண்டு சென்றது. 1995 அக்டோபர் 30-ஆம் நாள், படை நெருங்குகின்றது, வெளியேறுங்கள் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தபின், ஒரே இரவில் ஏறத்தாழ ஐந்து நூறாயிரம் மக்கள் மழையிலும் நெரிசலிலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். மிதிவண்டியின் பின்கட்டையில் ஏற்ற முடிந்ததே அன்று குடும்பத்தின் உடைமை. கறவை மாட்டை ஏற்ற முடியாது. நீரிறைக்கும் பொறியை ஏற்ற முடியாது. நிலையும் கதவும் கூரையோடும் வீட்டோடே நின்றுவிடும். திரும்பி வந்தவர்களுள் பலர் கண்டது சுவர்களை மட்டுமே.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்துச் செல்வது அறமாகாது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட முசுலிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குத் தரப்பட்டது இரண்டு மணிநேரம். பணத்தையும் நகையையும் விட்டுச் செல்லுமாறு ஆணையிடப்பட்டது. அவர்களும் தமிழ் பேசும் குடிகளே. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அவர்கள் கழித்த ஆண்டுகளும் போர் விழுங்கிய விதைநெல்லே. நம் இனத்தின் துயரைச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமாயின், நம்மவர் கையால் பிறர்க்கு நேர்ந்ததையும் அதே கணக்கேட்டில் எழுத வேண்டும். இவ் வரிகளைக் கண்டு சினக்கும் அன்பர்கள் சினக்கட்டும்.

வன்னியின் இறுதித் திங்கள்களைப் பற்றி விரித்தெழுதக் கை ஓடவில்லை. ஒன்று மட்டும். பதுங்குகுழிக்கு மண்மூட்டை அடுக்கச் சாக்கு கிடைக்காமற் போனபோது பெண்கள் தம் புடவைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தனர். பருத்திப் புடவைகள் தீர்ந்தபின் பட்டுப்புடவைகளும், மணநாளில் உடுத்த கூறைப்புடவைகளும் வெட்டுண்டன. நம் குடும்பங்களில் கூறைப்புடவையை எத்தகைய இடர்ப்பாட்டிலும் யாரும் விற்பதில்லை. அதில் மண் நிரப்பப்பட்டது. கழுத்திலும் காதிலும் கிடந்த பொன்னோ அரிசிக்கும் பால்மாவுக்கும் மாற்றாகச் சென்றது. ஆக்கியது உப்பும் அரிசியும் நீரும் சேர்ந்த கஞ்சி.

பொன்னைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் குடும்பங்களின் பேரேடு பொன்னில்தான் எழுதப்பட்டுள்ளது. மகள் பிறந்த நாளிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ப்பது, மகனின் படிப்புக்கு அடகு வைப்பது, அறுவடையில் மீட்பது. வன்னி மக்கள் தம் பொன்னைப் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்தும் இருந்தனர். 2009-இல் அவ் வைப்பகம் அழிந்தபோது அங்கிருந்த அணிகலன்களுள் கைப்பற்றப்பட்டவை படையினரிடம் சென்றன. அடகுச்சீட்டு உடையவரின் பொருள் அது; ஓர் இயக்கத்தின் பொருளன்று. 2014 அக்டோபரில் கிளிநொச்சியில் சிலருக்கு மட்டும் மேடைபோட்டுத் திருப்பித் தந்தனர். கைப்பற்றிய பொன்னின் ஒரு பகுதியைப் படையினர் காவல்துறையிடம் ஒப்படைத்தது 2025 மே திங்களில்! பதினாறு ஆண்டுகள். அவ் வளையலுக்குரிய சிறுமி இதற்குள் மணமாகித் தாயாகியிருப்பாள். அவள் தாய் அவ் வளையல் இல்லாமையால் வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டிக் கொண்டிருப்பாள்.

இத்தகைய செயல் ஈழத்தில்தான் நிகழ்ந்தது என்று எண்ணற்க. ஆப்பிரிக்காவில் நைசீரியாவிலிருந்து பிரிந்த பையாபிரா, 1967 முதல் 1970 சனவரி வரை போரிட்டுத் தோற்றது. பொருள்தடையால் குழந்தைகள் எலும்பும் தோலுமாய் மாண்ட படங்களை அக்கால இதழ்களில் கண்ட முதியோர் நம்மிடையே உளர். போர் முடிந்தபின் நடந்ததை அறிந்தோர் மிகச் சிலர். வென்றவர் தோற்றவர் எவருமிலர் என்று லாகோசிலிருந்து அறிவித்த அதே நைசீரிய அரசு, பையாபிரா மக்களின் வங்கிக் கணக்குகளைத் தீர்க்கையில், ஒருவர் எவ்வளவு போட்டு வைத்திருந்தாலும் 20 பவுண்டு மட்டுமே தரப்படும் என்றது. ஆயிரம் பவுண்டு சேர்த்தவனுக்கும் 20. நூறு சேர்த்தவனுக்கும் 20. அடுத்து 1972-இல் அயலார் நிறுவனங்களின் பங்குகளை நாட்டினர் வாங்கலாம் என ஆணை பிறந்தபோது, இக்போ மக்களின் கையில் வாங்குவதற்குப் பணம் இல்லை. குண்டு வீழ்ந்த வீட்டைக் கட்டிக்கொள்ளலாம். தாளில் எழுதிய ஒரு வரியால் ஒரு தலைமுறையின் சேமிப்பு போனால் அதை எங்கே சென்று தேடுவது? உழைப்புக்குப் பெயர்பெற்ற மக்களாதலால் இக்போக்கள் தம் ஊர்ச் சங்கங்களாலும் உறவின் கைகொடுத்தலாலும் எழுந்தனர் என்பது வேறு செய்தி.

மீண்டும் ஈழத்திற்கு வருவோம். பொன் போனால் உழைத்து ஈட்டலாம். உழைப்பதற்கு நிலமும் கடலும் வேண்டுமே! பலாலி, காங்கேயன்துறைப் பகுதியில் 1990-இல் துரத்தப்பட்ட வலிகாமம் வடக்கு மக்களின் 6,000-க்கும் மேற்பட்ட ஏக்கர் காணிகள் உயர்காப்பு வலயம் என்னும் பெயரால் படையினர் வசமாயின. காங்கேயன்துறைப் பைஞ்சுதை ஆலை நின்றது. அதனோடு ஆலைக் கூலியும் நின்றது. வடபுலத்தின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாகிய மயிலிட்டி 27 ஆண்டுகள் பூட்டிக் கிடந்து 2017 சூலையில்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இடையில் பிறந்த பிள்ளைகள் ஏதிலியர் கொட்டில்களில் வளர்ந்து, கடல் அருகிருந்தும் வலைபின்னத் தெரியாதவராயினர். ஒரு தொழில் ஒரு தலைமுறை விடுபட்டால் அறுந்தே போகும். எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் அதற்கென ஒரு கட்டம் இல்லை.

பனையின் கணக்கும் அவ்வாறே. காப்பரண்களுக்காக வெட்டிச் சாய்க்கப்பட்ட பனைகளுக்கு எண்ணிக்கை இல்லை. ஒரு பனை பயன்தரப் பதினைந்து இருபது ஆண்டுகளாகும். கிழங்கும் பனாட்டும் கருப்பட்டியும் ஓலையுமாய் ஏழைக்குக் கைகொடுத்த மரம் அது. வெட்டியவனுக்கு அரை நாள் வேலை.

இரணைதீவு மக்களின் செய்தியை நம் அன்பர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பூநகரிக்கு அப்பால் கடலிலுள்ள அவ் இரட்டைத் தீவிலிருந்து 1992-இல் அவர்கள் வெளியேற நேர்ந்தது. கடற்படை அங்கே குடியேறியது. நண்டும் கடலட்டையும் மீனும் தென்னையுமாய்த் தன்னிறைவோடு வாழ்ந்த குடிகள் எதிர்க்கரையில் இரணைமாதா நகரில் கூலிக்கு அலைந்தனர். போர் முடிந்து எட்டாண்டு பொறுத்தனர். பின் ஓராண்டளவு அறவழியில் அமர்ந்து போராடினர். யாரும் செவிகொடுக்கவில்லை. 2018 ஏப்பிரல் 23-ஆம் நாள் பெண்கள் முன்னிற்க, வெண்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தம் தீவுக்குத் தாமே சென்று இறங்கினர். தேவாலயத்தில் வழிபட்டனர்; அங்கேயே தங்கினர். சில கிழமைகளில் அரசு இசைந்தது. அவர்கள் அரசிடம் துயர்தணிப்புப் பொதி கேட்கவில்லை, தம் கடலைக் கேட்டனர்.

இனிக் கடனைப் பற்றி. வடக்கிலும் கிழக்கிலும் 89,000 போர்க்கைம்பெண்கள் உளர் என 2010-இல் அரசின் வாயாலேயே சொல்லப்பட்டது. செட்டிகுளத்து மெனிக்குப் பண்ணைக் கம்பிவேலிக்குள் அடைபட்டிருந்த மக்கள் ஊர்திரும்பத் தொடங்கியபோது அவர்களுள் பெருந்தொகையோர் கையில் இருந்தவை சில கூரைத்தகடுகள், சில திங்களுக்கு அரிசி, சிறு தொகை. பின்பு 2010-இல் இந்திய அரசு அறிவித்த வீட்டுத்திட்டம் வந்தது. 50,000 வீடுகள், வடக்கு கிழக்கில் ஒரு வீட்டிற்கு 5,50,000 உருபா. நல்ல செயலே. ஆனால் கட்டுபொருள் விலையும் கொத்தர் கூலியும் ஏறிக்கொண்டே சென்றன. அத்தொகையில் வீடு முடியாது. முடியாவிடில் அடுத்த தவணைப் பணம் வராது. வேலை செய்யும் ஆண் இல்லாத வீட்டில் மண்சுமக்கவும் கூலி தர வேண்டும். ஆகவே வீட்டைப் பெறுவதற்கே அவள் கடன் வாங்கினாள். உழவுக்கான நிலமோ கிணறோ தரப்படாமல் சுவர் மட்டும் எழுப்பப்பட்டது. வருவாய் தரும் பொருளை இழந்தவளுக்குச் செலவு தரும் பொருள் கிடைத்தது.

அந்நேரம் பார்த்துத் தெருவுக்குத் தெரு நுண்கடன் நிறுவனங்கள் முளைத்தன. போர் முடிந்து வழி திறந்ததும் முதலில் வந்தவர்கள் இவர்களே. ஐவர் பெண்களைக் குழுவாக்கி, ஒருத்தி தவறினால் நால்வர் கட்டவேண்டும் என்னும் பிணையில் கடன், கிழமைதோறும் தண்டல். தண்டலுக்கு வருபவன் மாலை மயங்கும் வரை வாயிலில் அமர்ந்திருப்பான். தனித்து வாழும் பெண்ணுக்கு அதைவிட மானக்கேடு வேறென்ன? ஒன்றை அடைக்க இன்னொன்று. 2018-இல் இலங்கைக்கு வந்து ஆய்ந்த ஒன்றிய நாடுகள் அவையின் கடன்சார் தனி வல்லுநர், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருநூற்றையும் கடந்து சென்றதைப் பதிவு செய்தார். கந்துவட்டிக்காரனும் நாணும் விழுக்காடு அது. தாங்காமல் உயிர்மாய்த்த பெண்கள் பலர். அதே ஆண்டில் அரசு, வறட்சியுற்ற 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1,00,000 உருபா வரையுள்ள நிலுவைக் கடனைத் தள்ளுவதாக அறிவித்தது. கடனைத் தள்ளினர்; கடன் வாங்கச் செய்த வெறுமையை அவ்வாறே விட்டனர். 2021-இல் சிங்களப் பகுதியாகிய இங்குராக்கொடையில் சிங்களப் பெண்களும் இதே நிறுவனக் கடன்களை எதிர்த்துத் தெருவில் அமர்ந்தனர் என்பது கருதத்தக்கது. வட்டிக்கு மொழி இல்லை.

இதில் நம் பங்கும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தின்படி மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையே விற்கவோ ஈடுவைக்கவோ வேண்டுமாயின் கணவனின் எழுத்து இசைவு வேண்டும். தந்தை தந்த மகள்சீர்க் காணிக்கும் இதே நிலைதான். கணவனைப் படையினரிடம் ஒப்படைத்துவிட்டு, அவன் உளனோ இலனோ என்று அறியாமல் ஆண்டுக்கணக்கில் அலையும் பெண், இசைவுக் கையெழுத்துக்கு எங்கே செல்வாள்? வழக்குமன்றம் ஏறவேண்டும்; அதற்கும் பணம் வேண்டும். தன் நிலத்தைக் காட்டி முறையான வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன்பெற முடியாதவள் நுண்கடன்காரனிடம் செல்கின்றாள். இறப்புச் சான்றிதழ் பெற்றுக்கொள் என்றனர் அலுவலர். பெற்றால் அவன் இறந்தான் என்று அவளே கையெழுத்திட்டதாகும். 2016-இல்தான் காணாமற்போனமைச் சான்றிதழ் என ஒன்றைச் சட்டமாக்கினர். 2022-இல் ஒரு குடும்பத்திற்கு ஒரே முறை 1,00,000 உருபா என்றனர். 2017 முதல் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டகையில் அமர்ந்திருந்த தாய்மார் அதை ஏற்க மறுத்தனர். வறுமையில் வாடுபவர் மறுத்த பணம் அது என்பதை நம் பேச்சாளர்கள் நெஞ்சில் நிறுத்துக.

கொடுக்க வேண்டியது கடன் அன்று என்றால் வேறென்ன என்று கேட்பர். பறித்ததைத் திருப்புதல் முதலாவது. அடுத்தது கூட்டுறவு. ஈழத்தமிழர்க்கு அது புதிதன்று. மூளாயில் மருத்துவமனையையே கூட்டுறவாக நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். பனைத்தொழிலாளர்க்கும் மீனவர்க்கும் சிக்கனக் கடனுக்கும் ஊர்தோறும் அமைந்த கழகங்கள் போரிடையேயும் முற்றாக மடியவில்லை. அயல்நாடுகளில் வாழும் நம்மவர் கோயில் கோபுரத்திற்கும் ஆண்டு விழாவிற்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி அக் கழகங்களின் முதலாகச் சேருமாயின், தண்டல்காரனின் மிதியடி ஓசை பல வாயில்களில் நிற்கும். கோயிலுக்குத் தராதீர் என்று யாம் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள்.

இறுதியாக, நம் கரைக்கு வருவோம். இதைப் படிக்கும் இராமேசுவரத்து, நாகப்பட்டினத்து அன்பர்களுக்கு இது கசக்கும். போரின் முப்பதாண்டுகளில் ஈழமீனவனுக்குக் கடல் பூட்டப்பட்டிருந்தது. அவ் வெறுங்கடலில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் பெருகின. போர் முடிந்து, கடன்பட்டு ஒரு சிறு படகும் வலையும் வாங்கி முல்லைத்தீவிலும் பருத்தித்துறையிலும் மன்னாரிலும் கடலில் இறங்கியவனுடைய வலையைக் கிழமையில் மூன்று நாள் நம் இழுவைமடி அறுத்துச் செல்கின்றது. கடற்படுகையையே வழித்து மீன்குஞ்சையும் விடாமல் வாருகின்றது. அறுபட்ட வலையோடு கரையேறியவன் அடுத்த கிழமைத் தவணைக்கு யாரிடம் செல்வான்? சிங்களக் கடற்படை நம் மீனவரைச் சுட்டதும், அடித்ததும், படகைப் பறித்து ஆண்டுக்கணக்கில் சிறையில் அடைப்பதும் கொடுமையே. அதைக் கண்டித்து இவ் விதழ் ஓயாது எழுதும். நம் படகில் செல்பவனும் பெரும்பாலும் படகுடையவன் அல்லன். கூலிக்குச் செல்லும் கடனாளி. ஆயினும் அறுபடுவது தமிழன் வலை. அறுப்பது தமிழன் மடி. கடற்படை இருபுறமும் ஆதாயம் காண்கின்றது.

இழுவைமடி வேலையைத் தன் கடலில் இலங்கை 2017-இல் சட்டத்தால் தடுத்தது. அதே 2017 சூலையில் இராமேசுவரத்தில் இந்திய அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி வைத்தது: மூன்றாண்டுகளில் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றுவது, ஒரு படகின் விலை 80,00,000 உருபா, அதில் நடுவணரசு பாதியும் மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கும் தருவது, எஞ்சியதை மீனவர் தம் பங்காகவும் கடனாகவும் திரட்டுவது. சொன்ன மூன்றாண்டுகள் 2020-இல் முடிந்தன. சொன்ன படகுகளுள் இறங்கியவை மிகச் சிலவே. தேர்தல் நேரத்தில் நம் கடற்கரை ஊர்களுக்கு வந்து ஈழத்திற்காகக் கண்ணீர் வடிப்போரிடம் அன்பர்கள் இந்த ஒரு கணக்கைக் கேட்க வேண்டும்: இரண்டாயிரத்தில் எத்தனை?